முப்பத்தெட்டு நோட்டுகளும் ஒரு வரியும்

மதிப்புரைக்கென்று என்னிடம் வந்து சேருகிற புத்தகங்கள் பல தினுசு. ஆனால் சென்ற மாதம் வந்தது இதுவரை வராத ஒரு தினுசு. என் நண்பர் ஒருவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மூன்றாம் வகுப்பு அவருடையது. ஒரு சனிக்கிழமை மாலை துணிப்பை நிறைய நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "ஊரில் வருகிற புத்தகத்துக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்கிறீர்களே, சார். இதற்கும் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார்.

மொத்தம் 38 நோட்டுகள். முந்திய வாரம் அவர் தம் வகுப்புப் பிள்ளைகளை ஊரிலுள்ள கிளை நூல் நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். போய்வந்த மறுநாள், 'நூல் நிலையத்தில் நான் கற்றவை' என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துப் பத்து வரிகள்தாம் என் மேஜைமேல் இருந்தன.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ, வினையாகச் சொன்னாரோ, நான் 38 நோட்டுகளையும் படித்துவிட்டேன். படிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஏனென்றால் ஒன்றைப் படித்தால் மற்றவற்றையும் படித்தமாதிரிதான். 'நூல் நிலையம் ஓர் அறிவுக் கோயில்' என்று எல்லா நோட்டும் ஆரம்பிக்கிறது. அங்கே சத்தம் போடக் கூடாது. செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. புத்தகத்தில் கிறுக்கக் கூடாது. பக்கத்தை மடிக்கக் கூடாது. எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. எடுத்த இடத்தை மாற்றி வைக்கக் கூடாது. பத்து வரியில் ஆறு வரி 'கூடாது' என்று முடிகிறது. மற்ற மூன்று வரி, நூல்களைப் படித்துப் பெரிய மனிதர்கள் ஆனவர்களைப் பற்றி. கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் யாரும் வேண்டியதில்லை.

ஒரே ஒரு நோட்டு மட்டும் கொஞ்சம் வேறு. எட்டு வயசுப் பையனுடையது. ஒன்பது வரி வரைக்கும் அவனும் மற்றவர்களோடு ஒழுங்காக நடந்து வந்திருக்கிறான். பத்தாவது வரியில் தடம் மாறிவிட்டான். 'மேலே ஒரு பச்சைப் புத்தகம் இருந்தது. எட்டவில்லை' என்று எழுதியிருக்கிறான். அதன்கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'தலைப்பை விட்டு விலகாதே' என்று ஆசிரியரின் குறிப்பு.

விமரிசகன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 38 நோட்டுகளில் இலக்கியம் என்று சொல்லத்தக்க வரி அது ஒன்றுதான். தலைப்பை விட்டு விலகாத வரியும் அது ஒன்றுதான். நூல் நிலையத்துக்குப் போய் வந்த ஒரு குழந்தை என்ன கற்றது என்ற கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் நூல் நிலையத்துக்குப் போகாமலே எழுதியிருக்கக் கூடியவை.

நண்பரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நல்ல ஆசிரியர். தம் கைக்காசில் பிள்ளைகளுக்கு மிட்டாயும் வாங்கிக் கொடுத்து, வெயிலில் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து அழைத்துப் போயிருக்கிறார். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? ஆனால் அழைத்துப் போகிற நாமே, எதற்காக அழைத்துப் போகிறோம் என்பதைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் என் சந்தேகம். ஒழுங்கைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போதும். தகவல் தெரிந்துகொள்ளப் பாடப் புத்தகம் போதும். வேறு எங்கேயும் கற்க முடியாதது எதையாவது ஒரு சின்னக் குழந்தை நூல் நிலையத்தில் கற்கிறதா? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நான் பதில் கண்டது புத்தகத்தில் இல்லை. என் தங்கை மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கழித்ததில்தான் கண்டேன். அவளுக்கு ஐந்தரை வயசு. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கூட்டுவதற்குள் பொறுமை போய்விடும். எங்கள் பேட்டைக் கிளை நூல் நிலையத்தில் குழந்தைகள் புத்தகங்களைத் தரையோடு ஒட்டிய இரண்டு தட்டுகளில் வைத்திருக்கிறார்கள். அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு, நான் பத்திரிகை படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு புத்தகத்தை எடுத்தாள். தலைகீழாக இருந்தது, நேராக்கினாள். அட்டையில் யானை. உள்ளே நாலு பக்கம் புரட்டினாள். யானை வரவில்லை. மூடினாள். மூடினவள் அதைத் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது வேண்டாம்னா அவங்க கோச்சுக்குவாங்களா?"

அவங்க என்றது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நூலக அம்மாளை. அந்த அம்மாள் காதிலும் அது விழுந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "கோச்சுக்க மாட்டேன் கண்ணு. வச்சிட்டு வேற எடு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் மருமகளைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு புத்தகங்களை எடுத்தாள். ஒன்பதைத் திருப்பி வைத்தாள். சிலவற்றை அட்டையைப் பார்த்தே தள்ளினாள். ஒன்றை முக்கால்வாசி பார்த்துவிட்டு, ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல் சட்டென்று மூடினாள். ஒன்றைத் தள்ளிவிட்டு, மனசு கேட்காமல் மறுபடியும் எடுத்து, மறுபடியும் தள்ளினாள். கடைசியில் இரண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த இரண்டும் ஏன், மற்ற ஒன்பதும் ஏன் இல்லை என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றாள். அனுபவம் முதிர்ந்த விமரிசகர்கள் பலர் இதைவிட நீளமாகச் சொல்வார்கள். இதைவிடத் தெளிவாகச் சொல்வார்களா என்பது சந்தேகம்.

ஒரு குழந்தையின் வாழ்க்கையில், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்காமல் இருக்கக்கூடிய இடம் எத்தனை இருக்கிறது? தட்டில் போட்ட சோற்றை வேண்டாம் என்றால் அம்மா கோபிக்கிறாள். பாடப் புத்தகத்தை வேண்டாம் என்றால் வாத்தியார் கோபிக்கிறார். பிறந்த நாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகத்தை நாலு பக்கத்தோடு மூடினால், "நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கினது, படி" என்று அதட்டல் வருகிறது. அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு குழந்தை அப்பாவுக்காகப் படிக்கிறது, கதைக்காகப் படிக்கவில்லை. காசு கொடுத்த புத்தகத்துக்குப் பின்னால் எப்பொழுதும் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருக்கிறார். நூல் நிலையத்துப் புத்தகத்துக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. பிடித்தால் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் வைக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இந்தச் சுதந்திரத்தைக் குழந்தை வேறு எங்கே பெறும்?

ரசனை என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இந்த இடத்தில்தான் முளைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டும் என்று சொல்லக் குழந்தைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை; அது தொட்டிலிலேயே வந்துவிடுகிறது. பிடிக்காததை ஒதுக்கி, ஒதுக்கினதற்காகப் பயப்படாமல், அடுத்ததை எடுக்கத்தான் பழக்கம் வேண்டும். அது வந்த பிறகு எடுத்துக்கொண்ட புத்தகம்தான் உண்மையில் தன் புத்தகம்.

நம்மிடம் இந்தப் பழக்கம் மிகக் குறைவு. புத்தகத்தில் நமக்குப் பக்தி இருக்கிறது. தப்பித் தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்றைக்கு ஒரு நாள் படிக்காமலும் இருக்கிறோம். நல்ல பழக்கம்தான், இதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கும்பிடுகிற பொருளைப் பற்றி, 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று எப்படிச் சொல்வது? என் நாவலைப் படித்த வாசகர்களைக் கேட்டால், "நன்றாக இருக்கிறது, சார்" என்பார்கள். எது பிடிக்கவில்லை என்று கேட்டால், செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டவர்கள்போல் விழிப்பார்கள். பரிசு கிடைத்த புத்தகம் என்றால் படிக்கிறார்கள். நாலு பேர் பேசுகிற புத்தகம் என்றால் வாங்குகிறார்கள். தமிழில் விமரிசனம் வளரவில்லை என்று விமரிசகர்கள் மாநாடு போட்டு வருத்தப்படுகிறார்கள். அது வளராமல் போனது கல்லூரியில் இல்லை, ஐந்து வயசில் என்பது என் கட்சி.

அறிவுக் கோயில் என்ற முதல் வரியோடு எனக்குள்ள சண்டையும் இதுதான். கோயிலில் கிடைத்த பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பிரசாதம் வேண்டாம், அதைக் கொடு என்று கேட்க முடியாது. குழந்தைக்கு நூல் நிலையம் வாரச் சந்தை மாதிரி இருக்கவேண்டும். சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிற பாட்டியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு காயாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்ப்பாள். ஒடியாததைத் தள்ளுவாள். கடைக்காரன் முணுமுணுத்தாலும் அவள் கை நிற்காது. எந்தக் காய் இளசு, எது முற்றல் என்பது அவளுக்குப் பாடம் படித்து வந்த அறிவா? எத்தனையோ சந்தைகளில் எத்தனையோ நுனிகளை ஒடித்து வந்த அறிவு. புத்தகத்திலும் அந்த அறிவு ஒடித்துப் பார்த்துத்தான் வரவேண்டும்.

எனக்கு அது வரவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. 1990ஐ ஒட்டிய வருஷங்களில் நான் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் நூல் நிலையத்தில் புத்தகங்கள் கண்ணாடி பீரோக்களுக்குள் இருந்தன. பீரோக்களில் பூட்டுத் தொங்கும். பிள்ளைகள் மேஜைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். ஒரு நீளமான நோட்டில் புத்தகப் பெயர்கள் எழுதியிருக்கும். பார்த்து எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். கடல் கொள்ளைக்காரர்கள் கதை ஒன்றின் எண்ணை நான் ஒருநாள் சொன்னேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக் கொடுத்தார். "இதைப் படி, உனக்கு நல்லது" என்றார். நல்ல மனுஷர்; நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். புத்தகமும் நல்ல புத்தகம்தான். படித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு எது நல்லது என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிற சுபாவம் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. இருபத்தைந்து வயசு வரையில், ஒரு கதை எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதை நாலு பேர் முகத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்துகொண்டிருந்தேன். எழுத வந்த பிறகு அந்தக் குறை என்ன விலை வாங்கியது என்பது எனக்குத்தான் தெரியும். கடல் கொள்ளைக்காரர்களை இன்றுவரை நான் படிக்கவில்லை.

இத்தனைக்கும் பீரோவைத் திறந்து வையுங்கள் என்று ஓயாமல் சொன்ன பெரியவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூல் நிலைய வேலை பயில லண்டனுக்குப் போனார். அங்கே ஒரு பெரிய கடையில், சிறுவர்களுக்கான மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சில துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள் உண்டாவதை அவர் நின்று பார்த்தார். புத்தகங்களை வகைப்படுத்தவும் இந்த மாதிரி துண்டுகள் போதுமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு விதை அந்தக் குழந்தை விளையாட்டு. உலகத்து நூலகர்கள் படிக்கிற ஒரு சாஸ்திரம் பொம்மைக் கடையில் பிறந்தது என்பதை, குழந்தைகளை நூல் நிலையத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

1931இல் அவர் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது விதிதான் குழந்தை விஷயத்தில் முக்கியம். வாசகனுக்கு இன்ன புத்தகம் பொருந்தும் என்று நூலகர் ஊகித்துக் கொடுத்துவிடலாம். தட்டில் யாரும் கேட்காமல் கிடக்கிற புத்தகத்துக்கு அதற்குரிய வாசகன் எப்படிக் கிடைப்பான்? அவன் தட்டுக்குப் பக்கத்தில் நடக்கவேண்டும், கை நீட்டவேண்டும், வேறொன்றைத் தேடிப் போனவன் இதைப் பார்க்கவேண்டும். பூட்டின பீரோவில் இது நடக்காது.

இந்த நோக்கத்தோடு இங்கே காரியமும் நடந்திருக்கிறது. அதே 1931இல் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்க வழி செய்த சட்டம் அது. ஆகையால் வீட்டு வரி கட்டுகிற எவரும் நூல் நிலையத்துக்குப் பணம் கொடுத்தவரே. அந்தப் பச்சைப் புத்தகத்தை எட்டாத பையனின் தகப்பனாருக்கும் அதில் பங்கு உண்டு.

தட்டு திறந்திருந்தால் போதுமா? தட்டில் என்ன இருக்கிறது? இங்கே குழந்தைப் புத்தகம் எழுதுகிறவர்களோடு ஒரு வார்த்தை. என் மருமகள் தள்ளிய ஒன்பதையும் பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். ஆறில் கடைசிப் பக்கத்தில் நீதி இருந்தது. பெரிய எழுத்தில், கட்டம் போட்டு. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாசனை தெரிந்துவிட்டது. முதல் பக்கத்திலிருந்தே அந்தக் கதைகளில் குரங்கு குரங்காக இல்லை. திருந்துவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிற கெட்ட பையனாக இருந்தது. ஏன் இப்படி எழுதுகிறார்கள்? குழந்தைப் புத்தகத்தைக் குழந்தை வாங்குவதில்லை. தகப்பனார் வாங்குகிறார், பள்ளிக்கூடம் வாங்குகிறது, நூல் நிலையத்துக்காகத் தேர்வுக் குழு வாங்குகிறது. வாங்குகிறவரைத் திருப்தி செய்வதற்காகக் கடைசிப் பக்கத்துக் கட்டம் போடப்படுகிறது. கேட்கிற காதுக்காகப் பாடிய அழ. வள்ளியப்பா போன்றவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் பாட்டுக்குக் கட்டம் தேவைப்படவில்லை.

ஒன்பதில் இன்னொன்று குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட நூல் அது. அவளால் தூக்க முடியவில்லை. தரையில் வைத்தே புரட்டினாள். தகவல்கள் பல பழசாகியிருக்கலாம். ஆனால் அகர வரிசையில் ஒரு பெரிய குணம் இருக்கிறது. தேடினதற்குப் பக்கத்தில் தேடாதது உட்கார்ந்திருக்கும்; எந்த நீதியும் இல்லாமல், எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்ற ஒரே உறவால். நூல் நிலையம் முழுவதுமே அப்படிப்பட்ட அக்கம்பக்கந்தான். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு அவள் அதையும் மூடிவிட்டாள். நாலு வருஷம் கழித்து அவளே திறப்பாளாக இருக்கும். திறக்காவிட்டாலும் குற்றமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டில் ஒன்று, நரியும் கோழியும் வருகிற படக் கதை. அன்று இரவு படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் இரவும் அதே புத்தகம். தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். "நரி கிணத்துக்கிட்ட வரலையே மாமா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பாட்டி சொல்லுகிற கதை நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். அது பாட்டியின் கதை. புத்தகத்தில் இருப்பது யார் படித்தாலும், எப்போது படித்தாலும் மாறாமல் இருக்கும்; பெரியவர் ஏமாற்றினாலும் அது ஏமாற்றாது. எழுத்து என்றால் என்ன என்பது அவளுக்கு அந்த இரவில் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பதினைந்தாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தரமாட்டேன் என்று அழுதாள். அப்பொழுது புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைக் காட்டினேன். வரிசை வரிசையாக ரப்பர் முத்திரைகள். "ஒவ்வொரு முத்திரையும் ஒரு பிள்ளை. அவங்க எல்லாரும் திருப்பிக் கொடுத்ததாலதான் உனக்குக் கிடைச்சுது" என்றேன். முத்திரைகளை எண்ணினாள். பத்தொன்பது வரை எண்ணத் தெரிந்தது. அதற்கு மேலும் இருந்தன. அழுகை நின்றது. தனதென்று சொல்ல முடியாத ஒன்றை மிகவும் நேசிக்கலாம், நேசித்ததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தத் தேதிச் சீட்டைப்போல நாணயமான மதிப்புரையையும் நான் பார்த்ததில்லை. நண்பர்கள் என் நாவலைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அதே நூல் நிலையத்தில் அதே நாவலின் சீட்டைப் பார்த்தேன். பதினொரு வருஷத்தில் ஏழு முத்திரை. நரிக்கும் கோழிக்கும் விழுந்தது நாற்பதுக்கு மேல்.

ஈழத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சீட்டுகளின் ஞாபகம் வரும். அந்தக் கட்டடம் எழுந்தபோது ரங்கநாதனின் ஆலோசனையும் அதற்குக் கிடைத்தது. 1959இல் திறந்தார்கள், 1967இல் குழந்தைகள் பகுதியைச் சேர்த்தார்கள். 1981 மே 31இல் தொடங்கி ஜூன் 1 விடிவதற்குள் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அரிய ஏடுகள் போயினவே என்று அறிஞர்கள் அழுதார்கள், அழவேண்டியதுதான். என் மனசில் வருவது வேறு ஒரு காட்சி. இரவல் வாங்கின ஒரு புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, ஜூன் மாதத் தேதிக்குக் காத்திருந்த குழந்தை ஒன்றாவது இருந்திருக்கும். திருப்பிக் கொடுக்க அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது. எரித்தவர்கள் எடுத்துக்கொண்டதில் அந்தத் தேதியும் சேர்த்தி.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் இரண்டு ஆட்சேபம் சொன்னார். இரண்டும் நியாயமானவை.

"பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் குப்பையைத்தானே சார் எடுப்பார்கள்?" என்றார். எடுப்பார்கள், சந்தேகமில்லை. குப்பையை எடுத்து, அது குப்பை என்று தானே கண்டுகொண்டவனுக்குத்தான் அடுத்த தடவை கை தயங்கும். முற்றல் வெண்டைக்காயை ஒரு தடவையாவது வாங்கிவந்து பாட்டியும் ஏமாந்திருப்பாள். நஞ்சு எது என்று பார்த்து நீக்கவேண்டியது நம் கடமை. குப்பையையும் நாமே நீக்கிவிட்டால் பிள்ளை செய்வதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இரண்டாவது ஆட்சேபம்: "இந்தக் காலத்துப் பிள்ளை கையில் செல்போன் இருக்கிறது. அதில் ஆயிரம் படம், ஆயிரம் கதை. நீங்கள் சொல்கிற தேர்வு அதில் இல்லையா?" நானும் யோசித்துப் பார்த்தேன். என் மருமகள் கையில் போன் இருக்கும்போதும் கவனித்திருக்கிறேன். ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் தானாக வந்து நிற்கிறது. அவள் இதற்கு முன் எதைப் பார்த்தாளோ அதன் ஜாடையில்தான் அடுத்ததும் வருகிறது. அவள் வேண்டாம் என்று தள்ளினாலும், தள்ளினதையும் கணக்கு வைத்துக்கொண்டு இன்னொன்று ஓடி வருகிறது. எங்கள் ஊர் நூல் நிலையத்துப் பெரியவர் எனக்கு எடுத்துக் கொடுத்த மாதிரியேதான். என்ன, இது ஓயாமல் எடுத்துக் கொடுக்கிறது. நூல் நிலையத் தட்டு யாரையும் துரத்துவதில்லை. நாம் எழுந்து போகிற வரையில் அது சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருத்தலில்தான் குழந்தை தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. நோட்டுகளில் எழுதியிருந்ததே அமைதி என்று, அதற்கு அர்த்தம் இதுவானால் எனக்கு ஆட்சேபமில்லை.

2010இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று விசாலமான பகுதிகள் இருக்கின்றன. பார்த்தால் நமக்கே மறுபடி குழந்தையாகலாமா என்றிருக்கிறது. வாழ்க. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய்க்கிற நூல் நிலையம் பக்கத்துத் தெருவில் இருக்கிற கிளைதான். அங்கே வேண்டியது பளிங்குத் தரை இல்லை. கைக்கு எட்டுகிற தட்டு, 'வச்சிட்டு வேற எடு' என்று சொல்லுகிற ஒரு ஆள், அவசரப்படுத்தாத ஒரு மணி நேரம். இவ்வளவு போதும். திரும்பி வந்த பிறகு கட்டுரை எழுதச் சொல்லாமல் இருந்தால் மிகவும் விசேஷம்.

நண்பர் நோட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து வந்தார். பிள்ளைகளை மறுபடியும் அழைத்துப் போயிருக்கிறார். இந்தத் தடவை வரிசை இல்லை, பத்து வரி இல்லை. கொஞ்சம் சத்தம் இருந்ததாம், நாலு புத்தகம் இடம் மாறினவாம், நூலகர் பொறுத்துக்கொண்டாராம்.

"அந்தப் பச்சைப் புத்தகம் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். முக்காலி போட்டு ஏறி, பையன் காட்டிய புத்தகத்தை அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். பழைய அரசாங்க அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துப் பச்சைக் காலிகோ போட்டுக் கட்டின தொகுப்பு. உள்ளே ஒரு படம்கூட இல்லை. பையன் அதைத் தரையில் வைத்து, பத்துப் பன்னிரண்டு பக்கம் சிரத்தையாகப் புரட்டியிருக்கிறான். பிறகு மூடி, இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் நீட்டி, "வேண்டாம் சார்" என்றானாம்.

"இதற்காகவா சார் அவ்வளவு ஏங்கினான்?" என்றார் நண்பர்.

ஏங்கினதற்கு அது பதில் சொல்லிவிட்டது அல்லவா? எட்டவில்லை என்று எழுதினவன், எட்டினபின் வேண்டாம் என்றான். இரண்டையும் அவனே சொன்னான். அடுத்தது எதை எடுத்தான் என்று நண்பர் கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது அவன் விஷயம்.